இதயத்துக்கு உகந்த ஊர் தேடி ஏறாவூருக்கு

திங்கட்கிழமை காலை ஐந்தரை மணிக்கு கொழும்புக் கோட்டை நிலையத்தின் மேம்பாலப் படிகளில் நான் இரண்டு இடத்தில் நின்றேன். முதல் இடத்தில் செருப்பைச் சரிசெய்வதுபோலக் குனிந்தேன். இரண்டாம் இடத்தில் சரிசெய்ய எதுவும் மிஞ்சவில்லை, ஆகையால் தண்டவாளங்களைப் பார்த்தேன். எழுபத்திரண்டு வயதில் மனிதன் தண்டவாளங்களை ரசிப்பதில் பிழை ஒன்றும் இல்லை.

என் கையில் இரண்டு பைகள். ஒன்றில் என் உடுப்பு. மற்றது பெரிய பை, வெறும் பை. "ரெஜினாட்ட ஊர் அரிசி வாங்கிட்டு வாங்க" என்று என் மனைவி திரேசா அதைக் கையில் திணித்திருந்தாள். வெள்ளவத்தையில் எல்லா அரிசியும் கிடைக்கும். கிழவன் மூன்று நாள் தனியாகப் போகிறேன் என்றதும் மறுப்புச் சொல்லாமல் வழியனுப்பினாளே என்ற மகிழ்ச்சியில், நான் அதைப்பற்றி யோசிக்கவில்லை.

பயணத்துக்கு ஒரு பத்திரிகைப் படமே காரணம். உலகத்தின் பெரிய நகரங்கள் சிலவற்றில் இதயநோயால் எந்த விகிதத்தில் மக்கள் இறக்கிறார்கள் என்று, நகரத்துக்கு ஒரு தூணாக வரைந்திருந்தார்கள். ஒரு நகரத்தின் தூண் மேலே தலைப்பை முட்டிக்கொண்டு நின்றது. பக்கத்திலேயே இன்னொரு நகரம், ஏறக்குறைய அதேயளவு ஜனத்தொகை, ஆனால் முழங்கால் உயரத் தூண். அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. மனிதனின் இதயம் அவன் இருக்கும் விலாசத்தைப் பொறுத்ததென்றால், விலாசத்தை மாற்றுவதுதானே முறை? கொழும்பு அந்தப் படத்திலேயே இல்லை. அது என்னை இன்னும் பயமுறுத்தியது. எண்ணி முடியாமல் விட்டுவிட்டார்களோ? நான் போக நினைத்த மட்டக்களப்பும் அதில் இல்லைதான். ஆனால் அது வேறு விடயம். அங்கே எண்ணுவதற்கு அவ்வளவு பேர் சாகவில்லை என்று அர்த்தம்.

முப்பத்தாறு வருடம் கணிதம் படிப்பித்தவன் இப்படி யோசித்தானா என்று கேட்பீர்கள். அந்த வார வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு எனக்கு அஞ்சியோகிராம் என்று நாள் குறித்திருந்தார்கள். மணிக்கட்டில் ஒரு துளை போட்டு, அதன் வழியாகக் குழாய் ஒன்றை இதயம் வரைக்கும் அனுப்பி, எங்கே அடைத்திருக்கிறது என்று பார்ப்பார்களாம். அதைக் கேட்ட பிறகு எந்தக் கணித ஆசிரியரும் இப்படித்தான் யோசிப்பார். மட்டக்களப்புப் பக்கம் தன்னாமுனையில் தங்கை ரெஜினா வீட்டில் இருந்து பார்ப்பது, ஊர் இதயத்துக்கு உகந்ததென்று தெரிந்தால் வெள்ளிக்கிழமையை அங்கேயே கழித்துவிடுவது: இதுதான் நான் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்த திட்டம்.

ரயில் மாகோ தாண்டியதும் முன் இருக்கைக்காரர்கள் பேச்சுக்கு வந்தார்கள். மாங்கேணியைச் சேர்ந்த ஓர் அம்மா, பருமனானவர். பக்கத்தில் கண்ணை மூடியபடி மெலிந்த கணவர். இறால் வடை வந்தது, ஒன்று நூறு ரூபாய். எண்ணெயைப் பார்த்ததும் நான் வேண்டாம் என்று தலையாட்டினேன்.

"இவருக்கு நெஞ்சைத் திறந்து ஒப்பரேசன் செய்து மூணு மாசம் ஐயா" என்றார் அந்த அம்மா. "கொழும்பில கிளினிக் காட்டிட்டு வாறம்."

"இப்ப எப்படி இருக்கிறார்?"

"பாருங்களன். மாகோவில இரிந்து இதுவரைக்கும் ரெண்டு வடை திண்டிரிக்கார்."

"மூணு" என்றார் கணவர், கண்ணைத் திறக்காமலே.

நானும் ஒன்று வாங்கிச் சாப்பிட்டேன். பொலன்னறுவை, மனம்பிட்டி, வெலிக்கந்தை, புனாணை என்று நிலையங்கள் போயின. வாழைச்சேனையில் அவர்கள் இறங்கினார்கள். அந்த மனிதர் மனைவியின் பையையும் தானே தூக்கிக்கொண்டு போனார். அதைப் பார்த்துக்கொண்டிருந்தும், எதையும் எண்ணும் நான் அவரை எண்ணவில்லை. அந்தத் தவறு பிறகுதான் தெரிந்தது.

பின்னேரம் மூன்றரைக்கு ஏறாவூர். நிலையத்தடியில் ஓர் ஓட்டோக்காரத் தம்பி, தன்னாமுனைக்கு எழுநூறு ரூபாய் என்றார். ஏறக்குறைய ஆறு கிலோமீற்றர். வழியில் மரண அறிவித்தல்களை எண்ணுவதென்று முடிவு செய்தேன். நம் ஊர்களில் ஒருவர் இறந்தால் சந்திக்குச் சந்தி படம் போட்டு ஒட்டிவிடுவார்கள் அல்லவா? ஒரு புள்ளிவிபரத் திணைக்களம் செய்கிற வேலையை மின்கம்பங்களே செய்துவைத்திருக்கின்றன. இரத்தத்தில் சீனி குறைந்தால் உதவும் என்று காற்சட்டையின் வலது பையில் இஞ்சி டொபி வைத்திருப்பேன். ஓர் அறிவித்தலுக்கு ஒரு டொபி, வலது பையிலிருந்து இடது பைக்கு. மாறி எண்ண வழியே இல்லை.

"தம்பி, கொஞ்சம் மெதுவாப் போங்க."

"இதை விட மெதுவாப் போனா ஓட்டோ நிண்டுடும் சேர்."

ஆறுமுகத்தான் குடியிருப்புக்குள் ஐந்து டொபி மாறிவிட்டன. மயிலம்பாவெளியில் பதினொன்று. தன்னாமுனைக்குக் கிட்ட வர பதினான்கு. இடது பை புடைத்துக்கொண்டு நின்றது. என் நெஞ்சுக்குள் ஏதோ இழுத்துப் பிடித்தது. வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் வருடம் முழுவதும் எண்ணினாலும் பதினான்கு வராது.

"தம்பி, இந்த ஆறு கிலோமீற்றருக்குள்ள பதினாலு பேர் செத்திரிக்காங்களே!"

அவர் ஓட்டோவை ஓரங்கட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "அல்லாஹ்! எப்ப சேர்? நான் காலையிலயும் இந்த ரோட்டாலதானே வந்தன்."

நான் மின்கம்பத்தைக் காட்டினேன். மதிலைக் காட்டினேன். ஒரு வளவுக்குள் கோழிக்கூட்டின் மேல் மழைக்காக விரித்திருந்த பதாகையையும் காட்டினேன்.

தம்பி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "சேர், இது எல்லாம் ஒரே ஆள். தம்பிராசா ஐயா. கம்பத்தில இரிக்கிறது செத்த அண்டைக்குப் போட்டது. மதில்ல இரிக்கிறது முப்பத்தோராம் நாள். கோழிக்கூட்டில கெடக்கிறது ஆண்டு நினைவு."

"அது மீசை வச்ச இளம் பொடியன். இவர் வழுக்கைத் தலையர்."

"அது கலியாணப் போட்டோ, மகள் குடுத்தது. இது ஐடென்ரிக் காட் போட்டோ, மகன் குடுத்தது. ரெண்டு பேருக்கும் கதை பேச்சு இல்ல சேர், அதால ரெண்டு பேரும் வேற வேறயா அடிச்சிட்டாங்க."

"அப்ப பதினாலில எத்தின பேர்?"

அவர் விரலை மடித்தார். "தம்பிராசா ஐயா ஒம்பது. மறுகா ஒரு ரீச்சர், அவ நாலு. மிச்சம் ஒண்டு சாகல்ல. அது எலெக்சன் நோட்டீஸ்."

பதினான்கு இரண்டானது. நெஞ்சின் இழுப்பு உடனே தளர்ந்தது. ஆனால் ஆராய்ச்சியை அரைவழியில் விடலாமா?

"தம்பிராசா ஐயாவுக்கு என்ன வருத்தம்?"

"ஹாட் அட்டாக்."

"வீட்டிலயா?"

"தென்னையில சேர். ஏறினவர், மேல இரிந்து விழுந்தார், விழுந்த உடனே ஹாட் நிண்டு போச்சு."

"விழுந்ததால நிண்டதா, நிண்டதால விழுந்தாரா?"

"அதை நீங்க அவர்ட்டத்தான் கேக்கணும்" என்று சொல்லிவிட்டுத் தம்பி ஓட்டோவைக் கிளப்பினார்.

எனக்கு முதல் சந்தேகம் அங்கேதான் வந்தது. அந்தப் பத்திரிகைப் படத்தின் தூண்களுக்குள்ளும் எத்தனை தென்னைமரங்கள் நிற்கின்றனவோ? ஒரு நகரத்தில் விழுந்தவன் என்று எழுதுவார்கள், இன்னொரு நகரத்தில் இதயம் நின்றவன் என்று எழுதுவார்கள். சாகும்போது எல்லாருக்கும் இதயம் நிற்கத்தானே செய்கிறது. ஆனால் சந்தேகம் என் திட்டத்துக்கு உதவாது. ஆகையால் அதை ஒதுக்கிவைத்தேன்.

நான்கரை மணிக்குத் தங்கை வீடு. ரெஜினா கோழி அடித்திருந்தாள். அவள் புருஷன் சவரிமுத்து என்னைவிட இரண்டு வயது இளையவர், வாவியில் வலை போட்டே வாழ்ந்தவர், ஊரில் பெரிய பகிடிக்காரர். எழுந்துவந்து கையைப் பிடித்தார். முகம் சற்று வீங்கியிருந்தது. வெயில் என்று நினைத்தேன். குளித்துவிட்டு வந்து பார்த்தால், கொடியில் தொங்கிய என் காற்சட்டையின் இடது பை வெறுமையாக இருந்தது.

"மச்சான், இதுக்குள்ள டொபி இரிந்ததே?"

"திண்டுட்டன்."

"பதினாலையுமா? அது செத்தவங்கட கணக்கு மச்சான்!"

"நல்லாத்தான் இரிந்தாங்க. கொஞ்சம் காரம்."

"உங்களுக்குச் சீனி வருத்தமெல்லா!" என்று குசினிக்குள்ளிருந்து ரெஜினா கத்தினாள். சாப்பிடும் வரைக்கும் அவள் அவருடன் பேசவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு மச்சானும் நானும் வாவிக்கரைக்கு நடந்தோம். வீட்டிலிருந்து அரைக் கிலோமீற்றர்கூட இல்லை. வேலியடியில் மச்சான் நின்றார். "அந்தா கொக்கு, பாருங்க" என்றார். பார்த்தேன். கொக்குத்தான். கொஞ்சத் தூரம் போனதும் நான் நின்றேன். "கோயில் கோபுரம் இங்கால இரிந்து வடிவாத் தெரியுது" என்றேன். மச்சான் நன்றாகப் பார்த்தார். பிறகு அவர் ஒரு தோணியைக் காட்ட நின்றார். பிறகு நான் அந்தத் தோணியின் நிறத்தைப் பற்றி விசாரிக்க நின்றேன். கடைசியில் அவர் ஒன்றுமே இல்லாத ஒரு வெறும் தண்ணீர்ப் பரப்பைக் காட்டி, "அந்தா" என்றார். மேற்கொண்டு சொல்ல அவருக்கு மூச்சு இல்லை. எனக்கும் கேட்க மூச்சு இல்லை. இருவரும் நீண்ட நேரம் அந்த "அந்தா"வைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

கரையில் கவிழ்த்துவைத்த தோணி ஒன்றின் மேல் அமர்ந்தோம். வாவி எண்ணெய் பூசியதுபோல அசையாமல் கிடந்தது. தூரத்தில் ஒருவர் வலையை விரித்து வீசியது தெரிந்தது, சத்தம் பிந்தித்தான் வந்தது. நாடியைப் பிடித்துப் பார்த்தேன். கொழும்பைவிட ஆறு துடிப்புக் குறைவு. ஊர் இதயத்துக்கு நல்லதென்று அறிவித்துவிட இருந்தேன். அப்போதுதான் மச்சானின் உதட்டைக் கவனித்தேன். நாவற்பழம் தின்றவர்போல நீலம் பாரித்திருந்தது. நாவற்பழம் எதுவும் அவர் தின்னவில்லை.

"எத்தின நாளா மச்சான் இப்பிடி?"

"எது?"

"கொக்குப் பாக்கிறது."

"போன வருசத்தில இரிந்து" என்றார். "நீங்க கோபுரம் பாக்கிறது?"

"தைப்பொங்கலோட" என்றேன்.

வீடு திரும்பும்போது இருவரும் வெளிப்படையாகவே நின்று நின்று வந்தோம். அது எவ்வளவோ சுகமாக இருந்தது.

மத்தியானச் சோறு முடிந்ததும் ரெஜினா விடயத்தை உடைத்தாள். மச்சானுக்கு இதயத்தில் மூன்று குழாய் அடைப்பு. இங்கேயுள்ள வைத்தியர்கள் பார்த்துவிட்டு, நெஞ்சைத் திறந்து செய்யும் சத்திரசிகிச்சைக்காகக் கொழும்புக்கு எழுதியிருக்கிறார்கள். இரண்டு தடவை நாள் கொடுத்தும் இவர் போகவில்லை. மூன்றாவது நாள் இந்த வியாழக்கிழமை. "இதையும் விட்டா இனி நாள் தரமாட்டாங்களாம் அண்ணா. டொக்டர் சொன்னார், இவர் வருசம் முடியிறத்தைக் காணமாட்டாராம்." பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"ஏன் மச்சான் போகல்ல?"

"நான் எண்ணிப் பாத்திரிக்கன்" என்றார் சவரிமுத்து. எண்ணுவது எங்கள் குடும்பத்தில் என்னோடு நிற்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. "நெஞ்சு வருத்தத்துக்கு இந்த ஊரில இரிந்து கொழும்புக்குப் போனவங்கள்ல அஞ்சு பேர் பெட்டியில வந்தாங்க. அஞ்சு பேர்ட நோட்டீசையும் நானே கம்பத்தில ஒட்டினன். இஞ்ச இரிந்தவங்க அப்பிடிச் சாகல்ல. கொழும்புதான் ஆளைக் கொல்லுது மச்சான்."

எனக்குள் இருந்த கணித ஆசிரியர் எழும்பி நின்றுவிட்டார்.

"என்ன கதை கதைக்கிறீங்க? ஆகலும் ஏலாத வருத்தக்காரரைத்தானே கொழும்புக்கு அனுப்புறாங்க? ஏலாதவன் எங்க போனாலும் சாவான். கொழும்பில செத்தா கொழும்புக் கணக்கு. அதுக்காகக் கொழும்பு கொல்லுதெண்டு சொல்லலாமா? பெரிய ஆசுபத்திரி இருக்கிற நகரத்துக்கு நாலு திசையில இரிந்தும் வருத்தக்காரர் வருவாங்க. கிழவர் கூடின நகரத்தில சாவும் கூடத்தான் செய்யும். ரெண்டு நகரத்தை அப்பிடிப் பக்கத்தில பக்கத்தில வச்சு அளக்க ஏலாது!"

"அப்ப அஞ்சு பேர்?"

"அஞ்சு பேர் செத்ததை எண்ணினீங்க. சாகாமத் திரும்பினவங்க எத்தின பேர்?"

"அது ஆருக்குத் தெரியும்?"

"அதுதான்! செத்தவனுக்குத்தான் நோட்டீஸ் அடிக்கிறாங்க. சுகமாகி பஸ்ஸில வந்து இறங்கினவனுக்கு ஆராவது அடிக்கிறாங்களா? கம்பத்தைப் பாத்து எண்ணினா எல்லா ஊரிலயும் செத்தவங்க மட்டும்தான் இரிப்பாங்க. நேத்து ரயிலில எனக்கு முன்னால மாங்கேணிக்காரர் ஒருத்தர், நெஞ்சைத் திறந்து தைச்சு மூணு மாசம், மூணு வடை திண்டார். அவரை ஆரு எண்ணினது? நானே எண்ணல்ல!"

சொல்லி முடித்ததும் எனக்கு மூச்சு வாங்கியது. நல்ல பாடம். வகுப்பில்கூட இவ்வளவு தெளிவாக நான் படிப்பித்ததில்லை.

மச்சான் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். ஒரு விளங்காத மாணவன் விளங்கிக்கொண்ட முகம். பிறகு மெதுவாகக் கேட்டார். "அப்ப நீங்க என்னத்துக்குக் கொழும்பை விட்டு இஞ்ச ஓடி வந்தீங்க?"

குசினிக்குள் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

"ஆரு ஓடி வந்தது?"

"திரேசா மச்சாள் போனில எல்லாம் சொன்னா. வெள்ளிக்கிழமை ஏழு மணி."

நான் கூரையைப் பார்த்தேன். முப்பத்தாறு வருட அனுபவத்தில், கரும்பலகையில் எழுதிய கணக்கே ஆசிரியரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது இதுதான் முதல் தடவை.

"ஒரு பேச்சு மச்சான்" என்றார் அவர். "வெள்ளிக்கிழமை நீங்க உங்கட குழாயை உள்ளுக்கு விடுங்க. வியாழக்கிழமை நான் போய்ப் படுக்கிறன். நீங்க போகாட்டி நானும் போகமாட்டன். ரெண்டு பேரும் இஞ்ச இரிந்து கொக்குப் பாப்பம்."

அவர் பகிடியாகச் சொல்லவில்லை. நீல உதடு அசையாமல் இருந்தது. எனக்குத் தெரிந்த எல்லாக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். வெளியே வர வழி இல்லை. "சரி" என்றேன்.

உடனே ரெஜினா உள்ளே இருந்து வந்தாள், கையில் நான் கொண்டுவந்த வெறும் பை. அதை விரித்து மச்சானின் சாரங்களை ஒவ்வொன்றாக அடுக்கத் தொடங்கினாள். நான்கு சாரம், இரண்டு துவாய், ஒரு ஜெபமாலை. பை சரியாக நிரம்பியது.

"அரிசி எங்க?" என்று கேட்டேன்.

"அரிசி வெள்ளவத்தையில வாங்கலாமே அண்ணா" என்றாள் ரெஜினா.

புதன்கிழமை மூவரும் கொழும்பு ரயிலில் ஏறினோம். வெலிக்கந்தை தாண்டியபோது மச்சான் கேட்டார்: "இந்த இடத்தில எனக்கு அட்டாக் வந்தா எந்த ஊர்க் கணக்கு?"

"பொலன்னறுவை மாவட்டம்" என்றேன்.

"சீ, அந்த ஊரில எனக்கு ஒருத்தரையும் தெரியாதே" என்று சொல்லி, கண்ணை மூடி, கொழும்பு வரைக்கும் உயிரைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

கோட்டை நிலையத்தில் திரேசா வந்து நின்றாள். பைகளை எண்ணினாள், ஆட்களை எண்ணினாள், கணக்குச் சரி என்பதுபோல முன்னால் நடந்தாள்.

வியாழக்கிழமை மச்சானை அனுமதித்தார்கள். வெள்ளிக்கிழமை எனக்குக் குழாய் விட்டார்கள். வலி இல்லை என்று எல்லோரும் சொன்னது பொய். ஆனால் நான் பயந்த அளவு வலியும் இல்லை. ஓர் அடைப்பு இருந்தது, அதை அகட்டி உள்ளே சிறிய வலைக்குழாய் ஒன்றை வைத்தார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை மச்சானின் நெஞ்சைத் திறந்தார்கள். ஐந்து மணித்தியாலம். அந்த நேரம் ரெஜினா ஜெபமாலை சொன்னாள், திரேசாவும் சொன்னாள். நான் நடைபாதையின் தரைக்கற்களை எண்ணினேன். எத்தனை என்று இப்போது நினைவில்லை. என் வாழ்க்கையில் நான் எண்ணி மறந்தது அது ஒன்றுதான்.

ஏழு வாரம் கழித்து மச்சானையும் ரெஜினாவையும் ஊரில் விட்டுவர நானும் போனேன். ஏறாவூரில் இறங்கினால் அதே ஓட்டோத் தம்பி. இம்முறை எண்ணூறு ரூபாய் கேட்டார், பெற்றோல் கூடிவிட்டதாம். ரெஜினா சாமான்களோடு வேறொரு ஓட்டோவில் எங்களுக்கு முன்னால் போனாள். என் கை பழக்கதோஷத்தால் வலது பைக்குள் போனது. தம்பிராசா ஐயா இன்னும் ஆறு இடத்தில் இருந்தார். அவரை நான் ஓர் ஆளாகவே எண்ணினேன். ரீச்சரும் ஓர் ஆள். தேர்தல்காரரை விட்டுவிட்டேன்.

தன்னாமுனைச் சந்தி. புதிய பதாகை ஒன்று. கறுப்புச் சட்டம், இரண்டு பக்கமும் எரியும் விளக்கு, மேலே வெள்ளைப் பூமாலை. நடுவில் சவரிமுத்துவின் முகம்.

என் நெஞ்சில் வைத்த வலைக்குழாய்க்கு அதுதான் முதல் சோதனை. அது தாங்கியது. நான் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். சவரிமுத்து அங்கேதான் இருந்தார், தன் படத்தைப் பார்த்தபடி வாயைத் திறந்துகொண்டு.

"மச்சான்" என்றார். "எனக்குத் தெரியாம எனக்கு என்னமோ நடந்திரிக்கி."

தம்பி ஓட்டோவை நிறுத்தி இறங்கிப் போய்ச் சத்தமாக வாசித்தார். "கொழும்பில் சத்திரசிகிச்சை பெற்று நலமுடன் வீடு திரும்பும் எங்கள் சவரி மாமாவை வரவேற்கிறோம். வாவிக்கரை நண்பர்கள்." பிறகு எங்களைப் பார்த்துச் சிரித்தார். "பயப்படாதீங்க சேர். ஏறாவூர் அச்சகத்தில படம் போடுறத்துக்கு இந்தச் சட்டம் ஒண்டுதான் இரிக்கி."

கீழே வலது மூலையில் சிறிதாக இன்னொரு படமும் இருந்தது. அடர்ந்த மீசை, எண்ணெய் வழியச் சீவிய தலை. என்னுடைய கலியாணப் போட்டோ. "உடன் சென்ற மைத்துனர்" என்று எழுதியிருந்தார்கள்.

என் விரல்களுக்கிடையில் ஒரு டொபி இருந்தது. வலது பை இன்னும் எண்ணாதவர்களுக்கு. இடது பை இறந்தவர்களுக்கு. உயிரோடு திரும்பிவந்தவனுக்கு என்று நான் பை எதுவும் வைத்திருக்கவில்லை. டொபியைப் பிடித்தபடி சும்மா இருந்தேன்.

மச்சான் கையை நீட்டினார். முன்னால் கொஞ்சத் தூரத்தில் எங்களுக்காக நின்றிருந்த ஓட்டோவில் ரெஜினா திரும்பிப் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, கொடுத்துவிட்டேன்.